புது முறைக்கு டெண்டரில் எப்படி இடம் வைப்பது?

வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு மலைச்சாலை வேலையில், பணி கொடுக்கும் தரப்பின் பொறியாளராக இருக்கிறேன். மூன்று வளைவுகளில் வடகிழக்குப் பருவமழை வந்தாலே மண் சரிகிறது. கருங்கல் தடுப்புச் சுவர் இரண்டு முறை கட்டியாகிவிட்டது. போன நவம்பரில் சுவரின் வயிறு வெளியே தள்ளி, நீர் வடியும் ஓட்டைகளில் செம்மண் குழம்பாக வந்தது. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மழையும் மண்சரிவும் 40 பேருக்கு மேல் கொண்டுபோனதைப் பார்த்தவன் நான். பயமாக இருக்கிறது.

சரிவுக்குள் கம்பி இறக்கிப் பிடிக்கும் சாயில் நெய்லிங், மேலே புல் வளர்ப்பு என்று ஜூனில் எழுதிக் கேட்டேன். விலைப் பட்டியலில் இல்லை என்று கோப்பு திரும்பியது. அப்புறம், மாற்று யோசனை தரலாம் என்று டெண்டரில் ஒரு வரி சேர்த்தோம். வந்த நான்கு பேரும் பழைய சுவருக்கே விலை போட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. புதுசு தவறினால் நஷ்டம் முழுக்க ஒப்பந்ததாரர் தலையில்தானே.

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் ஐந்தாம் முனையத்தில் அந்த ஆபத்தைக் கட்டச் சொன்ன பிஏஏ நிறுவனமே ஏற்றது. கிராஸ்ரெயில் ரயில் திட்டத்தில் புது யோசனைகளுக்கென்றே தனி நிதி வைத்தார்கள்.

குறைந்த விலைக்கே வேலை என்ற விதிக்குள், ஒரு வளைவை மட்டும் சோதனையாகப் பிரித்து, நஷ்டத்தைப் பணி கொடுப்பவரே ஏற்கும் நிபந்தனையை டெண்டரில் எப்படி எழுதினீர்கள், செய்தவர்கள் சொல்வீர்களா?