ரபாடாவுக்கு ஒரு மாதம், பொட்டலம் வைத்திருந்த பையனுக்கு கோர்ட்டு: ஆட்டக்காரர்களுக்குத் தனிச் சட்டமா?

கோபி பி.டி. வாத்தியார்

சட்டம் தெரிந்தவங்க யாராவது சொல்லுங்க. தென்னாப்பிரிக்க வேகப்பந்து வீச்சாளர் ரபாடா போதைப்பொருள் சோதனையில் சிக்கினார். 2025 ஏப்ரலில் ஐ.பி.எல். நடுவிலேயே சொந்தக் காரணம் என்று ஊருக்குப் போனவர், மே மாதம் திரும்பிவிட்டார். தடை ஒரே ஒரு மாதம். ஜூனில் லார்ட்ஸில் டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் 9 விக்கெட் எடுத்து, கோப்பையும் வாங்கியாயிற்று.

எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன், பாலிடெக்னிக் மாணவன், சட்டைப்பையில் கஞ்சாப் பொட்டலத்தோடு பிடிபட்டான். படிப்பு நின்றது. அவன் அப்பா வாழைத்தார் மண்டியில் சுமை தூக்குகிறவர். வாய்தாவுக்கு வாய்தா கூலியை விட்டுவிட்டு கோர்ட்டு வாசலில் நிற்கிறார்.

இன்னொன்றும் உறுத்துகிறது. 2019-இல் தோஹாவில் 800 மீட்டரில் ஆசியத் தங்கம் வாங்கிய திருச்சி கோமதிக்கு 4 வருடத் தடை, பதக்கமும் போனது. அதே வருடம் மாட்டிய கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷாவுக்கு 8 மாதம். எங்கள் ஸ்கூல் பிள்ளைகள் கேட்டால் நான் என்ன பதில் சொல்வது?

கோவை வக்கீல்

சார், இரண்டு பஞ்சாயத்தை ஒரே திண்ணையில் உட்கார வைத்துவிட்டீர்கள். ரபாடாவைப் பிடித்தது போலீஸ் இல்லை. தென்னாப்பிரிக்காவில் நடந்த எஸ்.ஏ. 20 கிரிக்கெட் போட்டியின்போது ஊக்கமருந்துச் சோதனைக்காக எடுத்த மாதிரியில் சிக்கியது அது. தடை என்பது ஆடக்கூடாது என்ற உத்தரவு மட்டும்தான்.

அந்த ஒரு மாதமும் ரபாடாவுக்காக வளைத்தது இல்லை. கோகெய்ன், ஹெராயின், எக்ஸ்டசி, கஞ்சா ஆகியவற்றை உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடா 2021 முதல் தனி வகையாக வைத்திருக்கிறது. போட்டி இல்லாத நேரத்தில் எடுத்தது, ஆட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று வீரர் காட்டிவிட்டால் 3 மாதம். சிகிச்சைத் திட்டத்தையும் முடித்தால் 1 மாதம். பேர் தெரியாத ஓட்டக்காரனுக்கும் இதே கணக்குத்தான். பழைய விதியில் டென்னிஸ் வீராங்கனை மார்ட்டினா ஹிங்கிஸ் 2007 விம்பிள்டனில் கோகெய்னுக்காக மாட்டி 2 வருடத் தடை வாங்கினார். அவர் என்ன பேர் இல்லாதவரா?

நம் ஊர்ப் பையன் மேல் இருப்பது 1985-ஆம் வருட போதைப்பொருள் சட்டம். கஞ்சா 1 கிலோ வரை சிறு அளவு. அதிகபட்சம் 1 வருடம் சிறை, இல்லையென்றால் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சிறு அளவு வழக்கில் சிக்கிய, பழக்கத்துக்கு அடிமையானவர், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால் வழக்கிலிருந்து விலக்குக் கேட்கலாம். ரபாடாவுக்குத் திறந்தது கிட்டத்தட்ட இதே கதவுதான். அந்தப் பையனுக்கு இதை யாராவது சொன்னார்களா என்று விசாரியுங்க. சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஈரோடு மருந்துக்கடை

கோமதி வழக்கையும் ஷா வழக்கையும் நேருக்கு நேர் வைக்க முடியாதுங்க. கோமதியின் மாதிரியில் வந்தது நாண்ட்ரோலோன், தசை ஏற்றும் ஸ்டீராய்டு. அதற்கு ஆரம்பமே 4 வருடம். ஷா மாதிரியில் வந்தது டெர்பூட்டலின். நெஞ்சுச்சளிக்கு என் கடையில் தினமும் போகிற சிரப்புகள் பலவற்றில் இருப்பது. 2017-இல் யூசுப் பதானும் இதே மருந்தில் மாட்டி 5 மாதத் தடை வாங்கினார். மருந்து வேறு, தண்டனையும் வேறு. அது நியாயம்தான்.

நியாயம் இல்லாதது தேதி. ஷாவின் தடையை 2019 ஜூலை கடைசியில்தான் அறிவித்தார்கள், ஆனால் மார்ச் 16-லிருந்து கணக்கு வைத்தார்கள். நடுவில் அவர் ஐ.பி.எல். முழுக்க ஆடியிருந்தார்! ஆடிய நாளும் தடை நாளாம். அப்போது கிரிக்கெட் வாரியம் தானே சோதித்து, தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த ஆகஸ்ட்டில்தான் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான நாடாவின் கீழ் வந்தது.

திருப்பூர் ஜிம்காரன்

எல்லோரும் ரொம்பப் பாவம் பார்க்கிறீங்க. நம் பக்கத்து ஜிம்களில் என்ன நடக்கிறது என்று வந்து பாருங்க. ஆபரேஷன் தியேட்டரில் ரத்த அழுத்தம் இறங்கினால் போடும் மெஃபென்டெர்மைன் ஊசியை, மீசை முளைக்காத பையன்கள் தாங்களே குத்திக்கொள்கிறார்கள். அதுவும் வாடா பட்டியலில் இருக்கிற சரக்குத்தான். தண்டனையைக் குறைத்தால் இது இன்னும் பெருகும். 4 வருடம் என்றால் 4 வருடம்.

கோபி பி.டி. வாத்தியார்

வக்கீலண்ணா, 64ஏ சமாச்சாரத்துக்கு நன்றி. நாளைக்கே அந்த அப்பாவைப் பார்க்கிறேன்.

ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்று என்பதை முழுசாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. விதி ஒன்றுதான், அதைப் பயன்படுத்திக்கொள்ள ஆகிற செலவு ஒன்றா? டென்னிஸ் வீரர் சின்னர் 2024 மார்ச்சில் குளோஸ்டெபோல் என்ற ஸ்டீராய்டில் இரண்டு முறை மாட்டினார். பிசியோ தன் விரல் காயத்துக்குப் போட்ட ஸ்பிரே, மசாஜ் வழியாக ஏறிவிட்டது என்று விளக்கம். தற்காலிகத் தடையை நாள் கணக்கில் நீக்க வைத்தார்கள். ஆகஸ்ட்டில் தவறே இல்லை என்று தீர்ப்பு. வாடா மேல்முறையீடு செய்து, கடைசியில் 3 மாதத்துக்கு ராஜி ஆனது. 2025 பிப்ரவரி 9 முதல் மே 4 வரை. ஆஸ்திரேலிய ஓப்பன் ஜெயித்த பிறகு ஆரம்பம், பிரெஞ்சு ஓப்பனுக்கு முன்னால் முடிவு. ஒரு கிராண்ட் ஸ்லாம்கூடத் தவறவில்லை. நான் அவர் பொய் சொன்னார் என்று சொல்லவில்லை. உண்மையாகவே இருக்கட்டும். அந்த உண்மையை நிரூபிக்க ஆய்வகம், நிபுணர், வக்கீல் என்று வரிசையாக ஆள் வேண்டும்.

பணம் இருந்தும் தப்பாதவர் உண்டு, சரி. டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப்புக்கு 4 வருடம் கொடுத்து, சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் 2024-இல் 9 மாதமாகக் குறைத்தது. அதற்குள் அவர் கிட்டத்தட்ட ஒன்றரை வருடம் வெளியே உட்கார்ந்திருந்தார். அவருக்கே அந்த கதி என்றால், சத்தியமங்கலத்திலிருந்து டவுன் பஸ்ஸில் கிரவுண்டுக்கு வருகிற என் பிள்ளை கலப்படப் புரோட்டீன் டப்பாவால் மாட்டினால், அந்தப் பொடியைச் சோதித்துத் தருவது யார்?

திருப்பூர் தம்பி, ஊசி குத்துகிறவனையும் சிரப் குடித்தவளையும் ஒரே தராசில் போடாதீங்க. எங்கள் ஓட்டக்காரப் பிள்ளைக்கு 15 வயது. வாரக் கணக்காக இருமல். அவள் அம்மா மருந்துக்கடையில் கேட்டு எதையாவது வாங்கி ஊற்றிவிடுமோ என்றுதான் எனக்குப் பயம்.

ஈரோடு மருந்துக்கடை

பாட்டிலை வாங்கும் முன் பின்பக்கம் படிக்கச் சொல்லுங்க. டெர்பூட்டலின் என்று இருந்தால் வேண்டாம். சல்பூட்டமால் இன்ஹேலர் அளவுக்குள் அனுமதி, ஆனால் அதே மருந்து மாத்திரையாகவோ சிரப்பாகவோ கூடாது. நாடாவின் 'நோ யுவர் மெடிசின்' செயலியில் மருந்துப் பெயரைப் போட்டும் பார்க்கலாம். டாக்டரிடம் போனால் முதல் வார்த்தையே 'போட்டியில் ஓடுகிற பிள்ளை' என்று சொல்லச் சொல்லுங்க. புரோட்டீன் டப்பா வாங்கினால் பில்லை வைத்துக்கொள்ளட்டும், அடியில் கொஞ்சம் பொடியும் மிச்சம் இருக்கட்டும். பின்னால் அதைச் சோதிக்கக் கொடுக்க வேண்டி வரலாம்.

கோவை வக்கீல்

15 வயது என்பதால் ஒன்று சேர்க்கிறேன். 16 முடியாதவர்களை வாடா விதி பாதுகாக்கப்பட்டவர்கள் என்று தனியாகப் பார்க்கிறது. பெரிய தவறு தன் மேல் இல்லை என்று காட்டினால் அவர்களுக்கு வெறும் கண்டிப்பிலிருந்து அதிகபட்சம் 2 வருடம் வரைதான். மருந்து உடம்புக்குள் எப்படி வந்தது என்று பெரியவர்களைப் போல நிரூபிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அப்புறம், அந்தப் பாலிடெக்னிக் பையனின் குற்றப்பத்திரிகை நகல் இருந்தால் அவன் அப்பாவை எடுத்துவரச் சொல்லுங்க. எடை எவ்வளவு என்று போட்டிருக்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.