சலீம் யூசுப்பின் ஆய்வுகளை எந்தக் கட்டுரையிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

வைகைக்கரை (கேள்வி):

வணக்கம். எம்.டி. பொது மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் துறையில் மாதம் ஒருமுறை ஜர்னல் கிளப் உண்டு. வழக்கமாக ஒரு கட்டுரையைப் பிரித்துப் பேசுவோம். இந்த முறை யூனிட் சீஃப், "ஒரு கட்டுரை வேண்டாம், ஒரு ஆய்வாளரை எடுத்துக்கொள், அவர் வாழ்நாள் வேலையைப் பற்றி 20 நிமிடம் பேசு" என்று சொல்லிவிட்டார். நான் இதயநோய் ஆய்வாளர் சலீம் யூசுப்பை எடுத்துக்கொண்டேன். 1952-இல் கேரளத்துக் கொட்டாரக்கரையில் பிறந்தவர். பெங்களூரு செயின்ட் ஜான்ஸில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு, ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்போர்டு போனவர். 1992 முதல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்.

கூகுள் ஸ்காலரில் பெயரைப் போட்டால் பக்கம் பக்கமாக வந்துகொண்டே இருக்கிறது. இரண்டு இரவு உட்கார்ந்து பார்த்துவிட்டேன், முடியவில்லை. ஒரு மனிதரால் இவ்வளவு எழுத முடியுமா என்பது முதல் சந்தேகம். மேற்கோள் எண்ணிக்கை, ஹெச்-இண்டெக்ஸ் இரண்டையும் ஸ்லைடில் போட்டுவிட்டால் சீஃப் நிச்சயம் கேட்பார்: "சரி, இதனால் நம் வார்டில் என்ன மாறியது?" அதற்குத்தான் பதில் வேண்டும். எதைப் படிப்பது, எதை விடுவது?

நூலகத்துக்காரர்:

தம்பி, மருத்துவக் கல்லூரி நூலகத்தில் 19 வருடமாக இருக்கிறேன். பதவி உயர்வுக் கோப்புகளுக்குக் கட்டுரைப் பட்டியல் தயாரிப்பது என் மேசையில்தான். எண்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஹெச்-இண்டெக்ஸ் என்பது 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. ஒருவருக்கு 40 என்றால், குறைந்தது 40 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் அவரிடம் 40 இருக்கின்றன என்று பொருள். 10,000 முறை மேற்கோள் காட்டப்பட்டதும் அதில் ஒன்றுதான், 41 முறை காட்டப்பட்டதும் ஒன்றுதான். கூகுள் ஸ்காலர் ஒரு எண் சொல்லும், ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளம் வேறு எண் சொல்லும். ஸ்லைடில் போட்டால் எங்கே பார்த்தது, எந்தத் தேதியில் பார்த்தது என்று கூடவே எழுதுங்கள்.

இன்னொன்று. பெயர்ப்பட்டியல் அவருக்குக் கூட்டியும் காட்டும், குறைத்தும் காட்டும். பெரிய பன்னாட்டு ஆய்வு ஒன்று முடிந்தால் அதிலிருந்து கிளைக் கட்டுரைகள் வருடக்கணக்கில் வரும், அத்தனையிலும் தலைமை ஆய்வாளர் பெயர் இருக்கும். உங்கள் முதல் சந்தேகத்துக்குப் பதில் அதுதான், யாரும் தனியாக உட்கார்ந்து எழுதுவதில்லை. மறுபக்கம் பாருங்கள். 1986-இல் லான்செட் இதழில் வந்த ஐசிஸ்-1 என்ற மாரடைப்பு மருந்துச் சோதனை, 1997-இல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் வந்த, இதயச் செயலிழப்புக்கான டிஜாக்சின் மருந்து பற்றிய ஆய்வு, இரண்டிலும் ஆசிரியர் இடத்தில் குழுவின் பெயர்தான் நிற்கும். இரண்டிலும் யூசுப்புக்குப் பெரிய பங்கு உண்டு. கட்டுரையின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும் குழுக்களின் பட்டியலைப் படித்தால்தான் தெரியும்.

கோவைக்காரி:

டாக்டர், நான் மருத்துவர் இல்லை. கோவையில் 14 வருடம் ஆய்வு ஒருங்கிணைப்பாளராக வேலை பார்த்தேன். நூலகத்துக்காரர் ஐயா சொன்ன அந்தப் பொடி எழுத்துப் பட்டியலில் எங்களைப் போன்றவர்கள் வருவோம், சில நேரம் அதிலும் வரமாட்டோம். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் 1984-ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படியுங்கள். யூசுப், ராரி காலின்ஸ், ரிச்சர்ட் பீட்டோ மூவரும் எழுதியது. பெரிய, எளிய சோதனைகள் நமக்கு ஏன் வேண்டும் என்பதுதான் அதன் கேள்வி. மாரடைப்பு வந்த 100 பேரில் 10 பேர் இறக்கிறார்கள் என்று வையுங்கள். ஒரு மருந்து அதை 8 ஆக்குகிறது. சின்ன வித்தியாசம் மாதிரித் தெரியும், ஆனால் உலகம் முழுக்கக் கணக்குப் போட்டால் எத்தனை ஆயிரம் வீடுகள்! அந்த வித்தியாசத்தை 200 பேரை வைத்துப் பார்க்கவே முடியாது. மருந்து பெறும் பக்கம் மூவாயிரத்துக்கு மேல், பெறாத பக்கமும் அதே அளவு வேண்டும். அத்தனை பேரைச் சேர்க்க வேண்டுமானால் படிவம் சின்னதாக இருக்க வேண்டும், சாதாரண ஆஸ்பத்திரியில் பரபரப்பான டியூட்டி நடுவிலும் நிரப்பக்கூடியதாக இருக்க வேண்டும். ஐசிஸ்-1 ஆய்வில் 16,027 நோயாளிகள், அடெனலால் மருந்து. ஏழு நாளில் இதய, ரத்தநாள இறப்பு 4.57 விழுக்காட்டிலிருந்து 3.89 ஆனது. 200 பேரை வைத்து இதைக் கண்டிருக்க முடியுமா?

அடுத்து 2004-இல் லான்செட்டில் வந்த இன்டர்ஹார்ட் ஆய்வு. 52 நாடுகள், முதல் மாரடைப்பு வந்தவர்கள் 15,152 பேர், ஒப்பிடுவதற்கு 14,820 பேர். புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய் பழம், உடலுழைப்பு, மது, இந்த ஒன்பதும் சேர்ந்து ஆண்களின் ஆபத்தில் 90 விழுக்காட்டையும் பெண்களின் ஆபத்தில் 94 விழுக்காட்டையும் விளக்குகின்றன என்று சொன்னது. "நம் ஆட்களுக்கு மாரடைப்பு வருவது ரத்தத்திலேயே இருக்கிறது, என்ன செய்ய முடியும்?" என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. அதே தரவிலிருந்து 2007-இல் ஜாமா இதழில் தெற்காசியாவைப் பற்றித் தனிக் கட்டுரை வந்தது. முதல் மாரடைப்பின் சராசரி வயது மற்ற நாடுகளில் 58.8, நம் பக்கம் 53.0. காரணம் பெரும்பாலும் அதே ஒன்பதுதான், நம்மிடம் அவை இளம் வயதிலேயே வந்துவிடுகின்றன. உங்கள் சீஃபுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

நான் வேலை பார்த்தது இன்டர்ஹார்ட்டில் அல்ல, அதே பாணியில் நடந்த வேறொரு பன்னாட்டு ஆய்வில். சி.சி.யு.வில், அதாவது இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவில், இரண்டாம் நாள் நோயாளி எழுந்து நிற்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இடுப்பையும் இடுப்பெலும்புச் சுற்றையும் அளக்க முடியும். ஒரு கையில் ஊசிக்குழாய், மார்பில் ஈ.சி.ஜி. வயர்கள். மனைவி போர்வையைத் திரையாகப் பிடித்துக்கொள்வார், நான் டேப்பை வயருக்கு அடியில் விட்டு மறுபக்கம் எடுப்பேன். மூச்சை விட்ட பிறகு அளக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் டேப்பைப் பார்த்ததும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள், அதனால் ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே அளப்பேன். அப்புறம் அதே வயதில், அதே பாலினத்தில், இதய நோய் இல்லாத ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். 47 வயது ஆண் ஒருவருக்காகக் கண் வார்டில் நான்கு நாள் அலைந்திருக்கிறேன்.

ஒருமுறை சென்டிமீட்டர் கட்டத்தில் 36 என்று எழுதி அனுப்பிவிட்டேன். அங்குலக் கணக்காக இருந்திருக்க வேண்டும். மூன்றே நாளில் மைய அலுவலகத்திலிருந்து கேள்வி வந்தது, இந்த அளவு சரிதானா என்று. அதற்குள் அவர் வீட்டுக்குப் போய்விட்டார். 36-ஐ 2.54-ஆல் பெருக்கி எழுதிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அது அங்குலம்தானா என்று எனக்கே சத்தியம் பண்ண முடியவில்லை. பொள்ளாச்சி பஸ் ஏறி, அவர் வீட்டுத் திண்ணையில் நிறுத்தி அளந்தேன். 94 வந்தது. பெருக்கி எழுதியிருந்தால் 91 ஆகியிருக்கும்.

ஒரு கட்டுரை பத்தாயிரம் முறை மேற்கோள் காட்டப்படுகிறது என்றால், அதன் அட்டவணை ஒன்றில் ஒரு தசம எண்ணுக்குள் இப்படி ஒரு திண்ணை இருக்கிறது, டாக்டர். 52 நாட்டிலும் ஒரே மாதிரி அளக்க வைத்ததைத்தான் நான் அவருடைய பெரிய சாதனை என்று சொல்வேன்.

இரவுடியூட்டி:

டி.எம். கார்டியாலஜி முடித்து ஆறு வருடம் ஆகிறது. கோவைக்காரி அக்கா சொன்னதோடு வார்டுக்கு நேராக வரும் மூன்றைச் சேர்க்கிறேன்.

ஹோப் ஆய்வு, 2000. 55 வயதுக்கு மேற்பட்ட, ஆபத்து அதிகமுள்ள 9,297 பேர். ராமிப்ரில் என்ற ரத்த அழுத்த மாத்திரை எடுத்தவர்களில் 14.0 விழுக்காட்டினருக்கும், எடுக்காதவர்களில் 17.8 விழுக்காட்டினருக்கும் மாரடைப்போ பக்கவாதமோ இதயநோய் இறப்போ வந்தது. அதே ஆய்வில் வைட்டமின் ஈ எந்தப் பயனும் தரவில்லை. இந்த இரண்டாவது விடையை யாரும் ஸ்லைடில் போடுவதில்லை. நீங்கள் போடுங்கள். எத்தனை பேர் அந்த மாத்திரைக்குக் காசைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்!

க்யூர் ஆய்வு, 2001. 12,562 பேர். ஆஸ்பிரினுடன், ரத்தம் உறைவதைத் தடுக்கும் இன்னொரு மருந்தான க்ளோபிடோக்ரெல் சேர்த்தால், மாரடைப்போ பக்கவாதமோ இதயநோய் இறப்போ வருவது 11.4 விழுக்காட்டிலிருந்து 9.3 ஆகிறது. கூடவே பெரிய ரத்தக்கசிவு 2.7-லிருந்து 3.7 ஆகிறது. உங்கள் வார்டு கேஸ் ஷீட்டில் ஒவ்வொரு நாளும் இந்த இரண்டு மாத்திரையும் சேர்ந்து நிற்பதற்கு அடிப்படை இது.

டிஜாக்சின் ஆய்வு, 6,800 பேர். இறப்பு மருந்து எடுத்தவர்களில் 34.8 விழுக்காடு, எடுக்காதவர்களில் 35.1, அதாவது வித்தியாசம் இல்லை. இதயச் செயலிழப்பு முற்றி மறுபடி அட்மிட் ஆவது மட்டும் குறைந்தது. 200 வருடப் பழைய மருந்துக்கு முதல்முறையாகத் தெளிவான பதில் கிடைத்தது.

ஆனால் ஒன்று மறக்காதீர்கள். மேற்கோள் என்றால் பாராட்டு என்று பொருள் இல்லை. யூசுப்பின் இன்னொரு பன்னாட்டு ஆய்வான ப்யூரின் உப்புக் கட்டுரை 2014-இல் வந்தது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். உப்பு மிகக் குறைந்தாலும் ஆபத்து கூடுகிறது என்றது. காலையில் ஒரே ஒரு முறை எடுத்த சிறுநீரிலிருந்து ஒரு நாள் உப்பைக் கணக்கிட்டது சரியில்லை என்று பலர் கடுமையாக மறுத்தார்கள். மறுத்தவர்களும் அந்தக் கட்டுரையைத்தான் மேற்கோள் காட்டினார்கள், அதுவும் எண்ணிக்கையில் சேர்ந்தது. என் சொந்தக் கருத்து, அந்த விஷயத்தில் மறுத்தவர்கள் பக்கம் நியாயம் அதிகம். 20 நிமிடத்தில் 3 நிமிடமாவது இதற்கு ஒதுக்குங்கள்.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. எண்கள் ஸ்லைடைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். 1984 கட்டுரை, இன்டர்ஹார்ட், ஹோப், டிஜாக்சின், உப்பு விவாதம், இந்த ஐந்துதான். பொடி எழுத்துப் பக்கம் ஒன்றையும் அப்படியே படமாகக் காட்டப் போகிறேன்.

சேர்க்கலாமா என்று யோசிப்பது 2008-இல் லான்செட்டில் வந்த கிரியேட் என்ற மாரடைப்பு நோயாளிகள் பதிவேடு. இந்தியாவில் 50 நகரங்கள், 89 மருத்துவமனைகள், 20,468 நோயாளிகள். முதல் பெயர் டெனிஸ் சேவியர், கடைசிப் பெயர் யூசுப். வலி தொடங்கி ஆஸ்பத்திரி வந்து சேர இடைநிலை அளவாக (மீடியன்) 360 நிமிடம், அதாவது பாதிப் பேருக்கு அதற்கும் மேல். ஏழைகளில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 8.2 விழுக்காடு, வசதியானவர்களில் 5.5. படித்ததும் எங்கள் வார்டில் இப்போது எத்தனை நிமிடம் என்று பார்க்கத் தோன்றியது. கேஸ் ஷீட்டைப் புரட்டினால் பாதியில் "காலை முதல் வலி" என்றுதான் இருக்கிறது. அக்கா, நீங்கள் இதை எப்படிக் கேட்டு வாங்குவீர்கள்?

கோவைக்காரி:

எத்தனை மணிக்கு வலி வந்தது என்று கேட்காதீர்கள், டாக்டர். தெரியாது என்பார்கள், இல்லாவிட்டால் உங்களுக்காக ஒரு மணியைச் சொல்லிவிடுவார்கள். வலி வந்தபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேளுங்கள். பால்காரர் வந்துவிட்டாரா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பியாச்சா, கடை திறந்தாச்சா? கூட வந்த மனைவியிடமோ மகளிடமோ தனியாக அதே கேள்வியைக் கேளுங்கள். ஏறிவந்த வண்டி எப்போது கிளம்பியது என்பது ஆட்டோக்காரருக்குப் போட்ட போன் அழைப்பில் இருக்கும், மகன் செல்போனில் பார்த்துச் சொல்வார். மூன்றும் அரை மணிக்குள் ஒத்துவந்தால் எழுதுங்கள். ஒத்துவரவில்லை என்றால் நேரம் தெரியவில்லை என்றே எழுதுங்கள், அந்தக் கட்டத்தை ஊகித்து நிரப்ப வேண்டாம்.