நெட்வொர்க்கிங் மனப்பாட வரிகள்: சேலத்துப் பிள்ளைகளிடம் நீங்கள் பார்த்தது என்ன?

ஐந்துரோடு வாத்தியார்

சிசிஎன்ஏ (சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் சான்றிதழ்த் தேர்வு) எடுப்பவர்களுக்கு இந்த வரியை விளக்க வேண்டியதில்லை. பிளீஸ் டூ நாட் த்ரோ சாஸேஜ் பீட்சா அவே. ஓஎஸ்ஐ என்ற நெட்வொர்க் மாதிரியின் ஏழு அடுக்கு (லேயர்), கீழிருந்து மேலே, சொல்லின் முதலெழுத்துப்படி: பிசிக்கல், டேட்டா லிங்க், நெட்வொர்க், டிரான்ஸ்போர்ட், செஷன், பிரசன்டேஷன், அப்ளிகேஷன். நானும் அதைத்தான் சொல்லித் தருகிறேன்.

போன மாதம் ஒரு பையனுக்கு மாதிரி இண்டர்வியூ வைத்தேன். ஓமலூர் பக்கமிருந்து வருகிறவன், வகுப்பிலேயே முதலில் ஒப்பித்தவன். "ஸ்விட்சில் லைட் எரிகிறது. பக்கத்து மெஷினுக்கு பிங் போகிறது. வேறு சப்நெட்டுக்குப் போகவில்லை. எந்த லேயரில் பார்ப்பாய்?" என்று கேட்டேன். (பிங் என்பது பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை, சப்நெட் என்பது நெட்வொர்க்கின் ஒரு பிரிவு.) மேசை ஓரத்தில் விரல் விட ஆரம்பித்தான். பிளீஸ், டூ, நாட். மூன்றாவது விரலில் கட்டைவிரல் நின்றது. நெட்வொர்க். அதுதான் விடை. கேட்வேயை (வேறு சப்நெட்டுக்குப் போகும் வாசல்) பார்ப்பேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் முகத்தைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. விரல் நான்காவதுக்குப் போனது, ஐந்து, ஆறு, கடைசியில் "அப்ளிகேஷன் சார்" என்றான்.

விடையின் மேல் விரலை வைத்துவிட்டு அது விடை என்று தெரியாமல் தாண்டிப் போனானே, அதுதான் மனதை அறுக்கிறது. உங்களிடம் இப்படி நடந்திருக்கிறதா?

கிரிம்பிங் டூல், செவ்வாய்ப்பேட்டை

உங்கள் பையனுக்காவது வரிசை சரியாகத் தெரிந்தது. கேபிள் வேலையில் வரிசைதான் எல்லாம்.

ஒரு ஜவுளி குடோனில் கேமரா போட்டோம். கடைசி கேமரா மட்டும் விட்டு விட்டு வருகிறது. புதிதாகச் சேர்ந்த பையன்தான் பிளக் அடித்தான். டெஸ்டரில் போட்டால் 1 முதல் 8 வரை லைட் வரிசையாக ஓடுகிறது, குறையே இல்லை. பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று அழகாக அடுக்கி வைத்திருக்கிறான், இரண்டு முனையிலும். "ஜோடி ஜோடியா வச்சா மறக்காதுண்ணா" என்றான்.

100 எம்பிபிஎஸ்ஸில் டேட்டா போவது 1-2, 3-6 கம்பிகளில். அவன் வைத்த மாதிரி வைத்தால் 3-இல் பச்சைக்கோடு, 6-இல் நீலம். ஒரே முறுக்கில் இல்லாத இரண்டு கம்பி ஒரு ஜோடியாக வேலை செய்ய வேண்டிவரும். முறுக்கு இருப்பதே இரைச்சலைத் தடுக்கத்தானே. குட்டி கேபிளில் ஓடிவிடும், நீளமாக இழுத்தால் காட்டிக்கொடுக்கும். லைட் டெஸ்டர் இதைப் பிடிக்காது.

அதற்கப்புறம் பையன்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஜோடி ஜோடியாகவே அடுக்கு, அப்புறம் முழுப் பச்சையையும் முழு நீலத்தையும் இடம் மாற்று. 568-பி என்ற தரநிலை வண்ண வரிசை வந்துவிடும். யாரும் இதுவரை மறக்கவில்லை.

மலைமேல் வைஃபை, ஏற்காடு

மே மாதம், கோடை விழா நேரம். ஒரு லாட்ஜில் வைஃபை கிடைக்கவில்லை என்று கூப்பிட்டார்கள். ரிசப்ஷனில் கூட்டம், ஓனர் எங்களைப் பார்த்ததும் கத்துகிறார். என்னோடு வந்த பையன் படிப்பில் சுமார்தான், டிஹெச்சிபி (மெஷினுக்குத் தானாக ஐபி முகவரி கொடுக்கும் முறை) வேலை செய்யும் நான்கு படிக்கான டோரா ஒன்று மட்டும் மனதில் ஒட்டியிருந்தது. டிஸ்கவர், ஆஃபர், ரிக்வெஸ்ட், அக்னாலெட்ஜ்.

ஒரு கெஸ்ட்டின் லேப்டாப்பைத் திறந்தான். ஐபி 169.254 என்று ஆரம்பிக்கிறது, முகவரி கிடைக்காத மெஷின் தானே போட்டுக்கொள்வது. கத்துகிற ஓனரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணா, டி போகுது, ஓ வரல" என்றான்.

அவ்வளவுதான். டிஹெச்சிபி ஆஃபர் தரவில்லை என்றால், கொடுக்க அதனிடம் முகவரி தீர்ந்திருக்கலாம். ரூட்டரில் பார்த்தால் பூலில் (கொடுக்க வைத்திருக்கும் தொகுப்பு) 50 முகவரி, லீஸ் (ஒருவர் முகவரியை வைத்திருக்கும் காலம்) 24 மணி நேரம். காலையில் அறையைக் காலி செய்துவிட்டு மலை இறங்கியவர்களின் போன்கள் முகவரியைப் பிடித்துக்கொண்டே போய்விட்டன. பூலைப் பெரிதாக்கி லீஸை 2 மணி நேரமாகக் குறைத்தோம். வாத்தியார் சார், மனப்பாடத்தைக் குறை சொல்வதற்கு முன் இதையும் கணக்கில் வையுங்கள்.

சப்நெட் பைத்தியம், அஸ்தம்பட்டி

ஏற்காட்டு நண்பர் சொல்வது டோராவுக்குப் பொருந்தும். அதில் ஒவ்வொரு எழுத்தும் நடக்கிற ஒரு வேலை. சாஸேஜ் பீட்சாவில் எழுத்துக்கும் வேலைக்கும் தொடர்பே இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். அந்த ஏழு அடுக்கும் 1984-இல் தரநிலையாக வந்தவை. இன்று ஓடுவது டிசிபி/ஐபி என்ற இன்னொரு மாதிரி, அதில் செஷனும் பிரசன்டேஷனும் தனி அடுக்காகவே இல்லை. பையன் எதைப் பிடித்துக்கொள்வான்?

என் அனுபவம் சின்னது. /27 (முகவரியின் 32 பிட்டில் முதல் 27 நெட்வொர்க்குக்கு) என்று கேட்டதும் ஒரு பெண் ஒரு நிமிடம் கண்ணை மூடி எல்லாவற்றையும் பைனரியில் போட்டாள், சரியாகவும் சொன்னாள். ஆனால் தேர்வில் அவளுக்கு நேரம் போதவில்லை. அதனால் சொல்கிறேன், கேட்காவிட்டாலும் எழுதி வையுங்கள். தேர்வு தொடங்கியதும், கொடுக்கிற பலகையில் முதலில் 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று ஒரு வரி. அதன் கீழே 128, 192, 224, 240, 248, 252, 254, 255. கீழ்வரி மேல்வரியைக் கூட்டிக்கொண்டே போவதுதான், அதைத் தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இப்போது 192.168.10.77/27. 24-க்கு மேல் மூன்று பிட், மூன்றாவது கட்டம், மேலே 32, கீழே 224. 32, 32-ஆகத் தாவு: 0, 32, 64, 96. 77 நிற்பது 64-க்கும் 96-க்கும் நடுவில். நெட்வொர்க் 64, பிராட்காஸ்ட் (எல்லா மெஷினுக்கும் சேர்த்து அனுப்பும் முகவரி) 95, நடுவில் 30 மெஷின். பிள்ளைகளைத் தினமும் காலையில் இந்த இரண்டு வரியையும் வெற்றுத்தாளில் எழுத வையுங்கள், பார்த்து எழுத விடாதீர்கள். எழுதி முடித்ததும் ஒரே ஒரு கணக்கு, அதற்கு மேல் வேண்டாம். பத்துக் கணக்கு கொடுத்தால் பத்தாவதில் வெறுத்துவிடுவார்கள்.

வாத்தியார் சார், உங்கள் பையனிடம் வரியைக் கேட்காதீர்கள். ரூட்டரைக் கையில் கொடுத்து "இது எத்தனையாவது விரல்?" என்று கேளுங்கள். கேபிள், ஸ்விட்ச், ரூட்டர், மூன்றையும் மேசையில் வைத்து, ஒவ்வொன்றையும் பிடுங்கிவிட்டு என்ன நின்றுபோகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கொண்டைஊசி 20

நான் மாணவி. ஏற்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் சேலம் வந்து போகிறேன். போர்ட் எண்கள் (ஒவ்வொரு நெட்வொர்க் சேவைக்கும் உள்ள எண்) எனக்கு மனதில் நிற்கவே இல்லை. ஒருநாள் சாயங்காலம் மேலே போகும்போது கொண்டை ஊசி வளைவுப் பலகைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். 20/20 வந்ததும் தலையைத் தூக்கினேன். 20 எஃப்டிபி (கோப்பு அனுப்பும் முறை) டேட்டா. வளைவு அதோடு முடிந்துவிடும், நான் விடாமல் எண்ணினேன். 21 எஃப்டிபி கண்ட்ரோல். 22 பூட்டிய வீடு, வேறு மெஷினுக்குள் மறைத்து நுழையும் எஸ்எஸ்ஹெச். அதை ஒட்டி 23 டீக்கடை, அதே வேலையை மறைக்காமல் செய்யும் டெல்நெட், அங்கே பேசுவது ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் கேட்கும். 25 தபாலாபீஸ், மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி. டெல்நெட்டை ஏன் நிறுத்தச் சொல்கிறார்கள் என்று இண்டர்வியூவில் கேட்டபோது டீக்கடைதான் கண்முன் வந்தது. பாஸ்வேர்டு அப்படியே எழுத்தாகப் போகும் என்று உடனே சொன்னேன், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

53 (டிஎன்எஸ்), 80 (ஹெச்டிடிபி), 443-க்கு (ஹெச்டிடிபிஎஸ்) ஊருக்குள்ளே இடம் வைத்துவிட்டேன். டிஹெச்சிபியின் 67, 68-ஐ மலை மேலிருக்கும் அண்ணா சொன்ன லாட்ஜில் வைத்துக்கொள்கிறேன், 67 ரிசப்ஷன் (சர்வர்), 68 கெஸ்ட் (கேட்கும் மெஷின்). 3389-க்குத்தான் (ரிமோட் டெஸ்க்டாப்) ஒன்றும் அமையவில்லை. யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை தேர்வு.