2003-க்குப் பின் சேர்ந்த காவலருக்கு ஓய்வூதியப் பணம் எங்கிருந்து வரும்?

தக்கலைக் காவலர்:
என் தந்தை சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவர். ஓய்வூதியர் உயிருடன் இருப்பதை உறுதிசெய்யும் ஆண்டு நேர்காணலுக்காகத் தக்கலையில் உள்ள கருவூலத்துக்கு அவரை அழைத்துச் சென்றபோது, தம் பணிக்காலத்தில் ஓய்வூதியத்துக்கென்று ஒரு ரூபாயும் பிடிக்கப்பட்டதில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். 2005-இல் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்த எனக்கோ மாதந்தோறும் 10 விழுக்காடு பிடிக்கிறார்கள். அப்படியானால் அவருக்கு வரும் பணம் எந்த நிதியிலிருந்து வருகிறது? என் பணம் எங்கே போகிறது?

ஓய்வு பெற்ற கருவூலப் பணியாளர், நாகர்கோவில்:
தம்பி, உங்கள் தந்தைக்கென்று தனி நிதி எதுவும் கிடையாது. பழைய ஓய்வூதியம் அந்தந்த ஆண்டின் அரசு வருவாயிலிருந்து நேரடியாக வழங்கப்படுகிறது. அதாவது இன்று வசூலாகும் வரியே அவருக்கு ஓய்வூதியமாகிறது. அவர் செலுத்திய பொது வருங்கால வைப்பு நிதி வேறு. அது அவருடைய சேமிப்பு, ஓய்வு பெற்ற அன்றே திரும்பியிருக்கும். 1.4.2003 முதல் சேர்ந்தவர்களுக்கு வந்த பங்களிப்புத் திட்டத்தில் நீங்கள் செலுத்தும் 10 விழுக்காட்டுக்கு ஈடாக அரசும் 10 விழுக்காடு செலுத்துகிறது. தமிழ்நாடு மத்திய அரசின் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் சேராததால் அந்தப் பணம் பங்குச் சந்தைக்குப் போகவில்லை. வைப்பு நிதிக்குரிய வட்டி, இப்போது 7.1 விழுக்காடு, கணக்கில் ஏறுகிறது.

2020-இலும் 2021-இலும் ஓய்வு வயதை 58-லிருந்து 59 ஆகவும், பிறகு 60 ஆகவும் உயர்த்தியதை எங்கள் அலுவலகத்தில் எவரும் பரிவாக எடுத்துக்கொள்ளவில்லை. பணிக்கொடையையும் விடுப்புச் சம்பளத்தையும் தள்ளிப்போட அதைவிட எளிய வழி இல்லை.

மார்த்தாண்டம் கணக்காசிரியர்:
சந்தைக்குப் போகாதது நல்லதுதான். ஆனால் வட்டி மட்டும் போதாது என்பதைக் கணக்கே காட்டிவிடும். 2005-இல் உங்கள் பங்காக 500 ரூபாய் பிடிக்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம். 7.1 விழுக்காட்டில் அது 2043-இல் ஏறத்தாழ 6,800 ரூபாயாகும். பெரிதாகத்தான் தெரியும். ஆனால் பழைய ஓய்வூதியம் கடைசி ஊதியத்தின் பாதி. கடைசி ஊதியமோ ஊதியக் குழுக்களும் பதவி உயர்வுகளும் சேர்ந்து ஏற்றிவைத்த தொகை. குறைந்த சம்பளக் காலத்தில் சேர்த்த பணத்தைக் கொண்டு உயர்ந்த சம்பளத்தின் பாதியை, அதுவும் அகவிலைப்படி உயர்வுடன், ஆயுள் முழுதும் கொடுக்க முடியாது. வேறு யாரேனும் குறையை நிரப்பியாக வேண்டும். 2026 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தின் சாரமும் இதுவே: 50 விழுக்காடு உறுதி, ஊழியர் பங்கு 10 விழுக்காடு, எஞ்சியது அரசின் பொறுப்பு.

களியக்காவிளை எல்லைக்கு அப்பால், கேரளத்தில், பழைய திட்டத்தையும் புதியதையும் பிரிக்கும் இந்தக் கோடு 1.4.2013-இல்தான் விழுந்தது. என் மைத்துனர் 2010-இல் கேரளக் காவல்துறையில் சேர்ந்தவர். பாறசாலையில் இருந்துகொண்டு பழைய ஓய்வூதியத்துக்கு உரியவராகிவிட்டார். சோதனைச் சாவடிக்கு இப்பால் இருந்திருந்தால் அவரும் உங்கள் வரிசையில்தான் நின்றிருப்பார்.

ஓய்வு பெற்ற கருவூலப் பணியாளர், நாகர்கோவில்:
ஆசிரியர் சொன்னது சரி. ஆனால் எந்தத் திட்டம் வந்தாலும் உங்கள் பங்கு முழுதும் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பட்டாலியனிலிருந்து ஆயுதப்படைக்கும், அங்கிருந்து காவல் நிலையத்துக்கும் மாறும்போது சம்பளம் வழங்கும் அலுவலகமும் மாறுவதால், இடையில் ஓரிரு மாதங்கள் விடுபடுவதுண்டு. ஆண்டுக் கணக்குத் தாளைச் சம்பளப் பட்டியலோடு மாதவாரியாக ஒப்பிடுங்கள்.

தக்கலைக் காவலர்:
ஒப்பிட்டேன், ஐயா. ஆயுதப்படைக்கு மாறிய ஆண்டில் இரண்டு மாதங்கள் இல்லை. அந்தக் காலத்துச் சம்பளச் சீட்டு அம்மாவின் பெட்டியில் கிடைத்தது. திங்கட்கிழமை மனுவோடு இணைத்துக் கொடுக்கிறேன்.