கொடிமலை ரயிலும் யாழினியின் முக்கோணமும்

குழு: ஆயர் ஈத்தாம் வீடு, பினாங்கு
வெள்ளிக்கிழமை

யாழினி, இரவு 8:04
அத்தை, இருக்கிறீர்களா? அட் மேத்ஸ் (கூடுதல் கணிதம்) வீட்டுப்பாடத்தில் என் வரைபடத்தின் மேல் சிவப்பு மையில் கோடு போட்டு, "புக்கான் ஃபுங்சி" என்று மலாயில் எழுதியிருக்கிறார் ஆசிரியர். இது ஃபுங்சி (ஃபங்ஷன்) இல்லையாம். ஏன் என்றே எனக்குப் புரியவில்லை.

மாலதி அத்தை, இரவு 8:06
படத்தை அனுப்பு மா. கேள்வி என்ன?

யாழினி, இரவு 8:09
(படம்)
மலை ரயில் கீழ் நிலையத்திலிருந்து 6 நிமிடத்தில் 2 கிலோமீட்டர் ஏறுகிறது. மேலே 10 நிமிடம் நிற்கிறது. பிறகு 6 நிமிடத்தில் இறங்குகிறது. கிடை அச்சில் நேரம், செங்குத்து அச்சில் கீழ் நிலையத்திலிருந்து பாதை வழியாக உள்ள தூரம். ரயில் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருகிறது, அதனால் நானும் கோட்டைத் தொடங்கிய புள்ளிக்கே கொண்டு வந்து முடித்தேன். முக்கோணமாக வந்தது.

அம்மா, இரவு 8:10
யாழினி, சாப்பாடு ஆறுகிறது. அண்ணி, இவள் மத்தியானத்திலிருந்து இந்தத் தாளையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மாலதி அத்தை, இரவு 8:11
பரவாயில்லை, ஒரு கையால் சாப்பிடட்டும். யாழினி, அடிக்கோலை எடுத்து உன் படத்தில் 8வது நிமிடத்தின் மேல் நேராக நிறுத்திப் பிடி. உன் கோட்டை அது எத்தனை இடத்தில் தொடுகிறது?

யாழினி, இரவு 8:14
இரண்டு இடத்தில். மேலே 2 கிலோமீட்டரில் ஒன்று. திரும்பி வரும் கோட்டில் 1 கிலோமீட்டரில் ஒன்று.

மாலதி அத்தை, இரவு 8:15
அதை வாய்விட்டுப் படித்துப் பார். 8வது நிமிடத்தில் ரயில் எங்கே?

யாழினி, இரவு 8:17
உச்சியில் நிற்கிறது. பாதி வழியிலும் இருக்கிறது.
ஐயோ. ஒரே ரயில்தானே!

மாலதி அத்தை, இரவு 8:18
அவ்வளவுதான் விஷயம். நீ வரைந்தது ரயில் போன பாதையின் படம். கேட்டது அது இல்லை. எந்த நேரத்தில் ரயில் எங்கே என்பதைத்தான் கேட்டார்கள். ரயில் திரும்பி வரும், நேரம் திரும்பி வராது. உன் கோடு 16வது நிமிடத்திலிருந்து இடது பக்கம் நடக்கிறது பார், அங்கே கடிகாரம் பின்னால் ஓடுகிறது.

யாழினி, இரவு 8:20
அப்படியென்றால் இறங்கும் கோடும் வலது பக்கமே போக வேண்டும். 22வது நிமிடத்தில் கீழே தொட வேண்டும். சரியா அத்தை?

மாலதி அத்தை, இரவு 8:20
சரி. வரைந்து அனுப்பு.

சுரேன் அண்ணன், இரவு 8:23
இப்போதுதான் பார்க்கிறேன். யாழினி, அந்த அடிக்கோல் வேலைக்குத்தான் உன் புத்தகத்தில் ஊஜியான் கரிஸ் மென்சாஞ்சாங் என்று பெயர். தமிழில் குத்துக்கோட்டுச் சோதனை. பெயரை மனப்பாடம் செய்து வைத்திருப்பாய், கேள்வியில் வந்தபோது கை போகவில்லை. எனக்கும் படிவம் 4ல் இதேதான் நடந்தது.

யாழினி, இரவு 8:25
மனப்பாடமாகத் தெரியும் அண்ணா. அது ரயிலைப் பற்றியது என்று தெரியாது.

மாலதி அத்தை, இரவு 8:27
ஃபுங்சிக்குத் தமிழில் சார்பு என்று பெயர். அந்தச் சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பார். ஒன்று இன்னொன்றைச் சார்ந்திருக்கிறது. ரயில் இருக்கும் இடம் நேரத்தைச் சார்ந்தது. நேரத்தைச் சொன்னால் இடம் ஒன்றே ஒன்றுதான் வர வேண்டும், இரண்டு வரக் கூடாது. வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இந்தத் தமிழ்ச் சொல்லைத்தான். சூத்திரமெல்லாம் அப்புறம்.

யாழினி, இரவு 8:31
(படம்)
இப்போது?

மாலதி அத்தை, இரவு 8:32
அழகாக வந்திருக்கிறது. இப்போது அடிக்கோலைப் படுக்க வைத்து 1 கிலோமீட்டரில் பிடி.

யாழினி, இரவு 8:34
3வது நிமிடத்திலும் 19வது நிமிடத்திலும் தொடுகிறது. இதுவும் தப்பா?

மாலதி அத்தை, இரவு 8:35
இல்லை. ஒரே இடத்தை ரயில் இரண்டு முறை கடக்கலாம், ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருப்பதுதான் முடியாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும் பிள்ளைகள் நிறைய.

யாழினி, இரவு 8:37
இன்னொரு சந்தேகம். எஃப்(3) = 1 என்று எழுதியிருக்கிறார்கள். எஃப் பெருக்கல் 3 என்று நினைத்து எஃப்க்கு மதிப்புக் கண்டுபிடிக்கப் பார்த்தேன்.

மாலதி அத்தை, இரவு 8:39
பெருக்கல் இல்லை மா. அந்த அடைப்புக்குறி, "3வது நிமிடத்தில்" என்ற சொல். எஃப்(3) என்றால் 3வது நிமிடத்தில் ரயில் எங்கே, அவ்வளவுதான். எஃப் அடைப்புக்குறி எக்ஸ் என்று எழுதும் முறையை 1734ல் ஆய்லர் கொண்டு வந்தார். அடைப்புக்குறியைப் பெருக்கலுக்கும் பயன்படுத்துகிறோம், அதனால் குழப்பம் வருவது இயல்பு.

அம்மா, இரவு 8:40
தட்டு காலியாகிவிட்டது. இனி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுங்கள்.

சுரேன் அண்ணன், இரவு 8:44
அத்தை, மலை ரயில் என்றதும் எனக்கு ஒன்று தோன்றுகிறது. யாழினி, போன பள்ளி விடுமுறையில் கொடிமலை ரயிலில் ஏறினோமே, பாதி வழியில் எதிர் வண்டி நம்மை உரசுவது போலக் கடந்ததே, நினைவிருக்கிறதா? தண்டவாளம் அங்கே மட்டும்தான் இரண்டாகப் பிரியும். மற்ற இடமெல்லாம் ஒற்றைப் பாதை.

யாழினி, இரவு 8:45
நினைவிருக்கிறது. மோதிவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

சுரேன் அண்ணன், இரவு 8:50
இரண்டு வண்டியும் மேலே உள்ள சக்கரத்தின் வழியாக ஒரே கம்பி வடத்தில் கட்டப்பட்டவை. நம் வண்டி எவ்வளவு ஏறுகிறதோ, மற்றது அதே அளவு இறங்க வேண்டும், வேறு வழி இல்லை. கொடிமலைப் பாதை சுமார் 2 கிலோமீட்டர். டி நிமிடத்தில் கீழிருந்து நம் வண்டியின் தூரம் எஃப்(டி), எதிர் வண்டியின் தூரம் ஜி(டி) என்று வை. இரண்டையும் கூட்டினால் என்ன வரும்?

யாழினி, இரவு 8:53
எப்போதும் 2.
அதாவது ஜி(டி) = 2 - எஃப்(டி).

மாலதி அத்தை, இரவு 8:54
சுரேன், இதை நான் இத்தனை வருடத்தில் வகுப்பில் சொன்னதே இல்லை. திங்கட்கிழமை சொல்லப் போகிறேன். யாழினி, அந்த இரண்டாவது கோட்டையும் அதே தாளில் வேறு நிறத்தில் போடு. ஏறும் 6 நிமிடம் மட்டும் போதும்.

யாழினி, இரவு 9:02
(படம்)
ஒன்று ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது. 1 கிலோமீட்டரில் வெட்டுகின்றன. ஒன்றை 1 கிலோமீட்டர் கோட்டில் மடித்தால் மற்றதன் மேல் உட்காரும். தாளை மடித்தே பார்த்துவிட்டேன்.

சுரேன் அண்ணன், இரவு 9:05
இப்போது முக்கியமான கேள்வி. நீ நேர்கோடாக வரைந்திருக்கிறாய். உண்மையான ரயில் மெதுவாகக் கிளம்பும், நடுவில் வேகம் பிடிக்கும், நிலையம் வரும்போது குறைக்கும். கோடு கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் சாய்வு குறைந்து படுத்து, நடுவில் சாய்வு கூடி எழும்பும். ஓட்டுநர் வழியில் வேகத்தைக் குறைத்தார் என்றே வை. அப்போதும் வெட்டும் இடம் 1 கிலோமீட்டர்தானா?

யாழினி, இரவு 9:11
வெட்டும் இடத்தில் இரண்டும் சமம். கூட்டினால் 2. அப்படியென்றால் ஒவ்வொன்றும் 1தான். வேகம் எப்படி மாறினாலும் பாதையின் நடுவில்தான் சந்திக்கும். நேரம்தான் மாறும்.
அதனால்தான் அங்கே மட்டும் இரண்டு தண்டவாளம் போட்டிருக்கிறார்கள்!

மாலதி அத்தை, இரவு 9:12
யாழினி, இதைக் கண்டுபிடித்தது நீ. நாங்கள் சொல்லவில்லை. நோட்டில் இன்றைய தேதி போட்டு எழுதி வை.

தாத்தா, இரவு 9:15
நானும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்கள் சொல்வது புது ரயில். 1923ல் ஓடத் தொடங்கிய பழைய ரயிலில் நேராக உச்சிக்குப் போக முடியாது. நடு நிலையத்தில் இறங்கி வேறு வண்டியில் ஏற வேண்டும். மேலே போய்ச் சேர அரை மணி நேரம் போல ஆகும். மரப் பலகை இருக்கை, ஜன்னல் வழியாகக் குளிர் காற்று. 2010ல் அதை நிறுத்தினார்கள், அடுத்த வருடம் இந்தப் புது ரயில் வந்தது.

மாலதி அத்தை, இரவு 9:17
அப்பா, நல்ல நேரத்தில் சொன்னீர்கள். யாழினி, தாத்தாவின் பயணத்துக்கு வரைபடம் எப்படி இருக்கும்? இறங்க வேண்டாம், ஏறியது மட்டும்.

யாழினி, இரவு 9:26
(படம்)
முதலில் ஏறும் கோடு. நடு நிலையத்தில் வண்டி மாறும்போது நேரம் ஓடுகிறது, தூரம் மாறவில்லை, அதனால் படுத்த கோடு. அப்புறம் மறுபடி ஏறும் கோடு. கிடை அச்சில் 30 நிமிடம். புது ரயிலின் கோட்டைவிட இது சாய்வு குறைவு, ஏனென்றால் மெதுவாகப் போகிறது.

மாலதி அத்தை, இரவு 9:28
சாய்வுதான் வேகம். நான் சொல்லாமலே எழுதிவிட்டாய்.

யாழினி, இரவு 9:33
அத்தை, ஃபுங்சி சொங்சாங் பற்றி ஒன்று கேட்கட்டுமா? தமிழில் நேர்மாறுச் சார்பு. அது என்றால், இடத்தைச் சொன்னால் நேரத்தைச் சொல்ல வேண்டும், இல்லையா? 22 நிமிடப் பயணம் முழுவதற்கும் அது கிடையாது, 1 கிலோமீட்டர் என்றால் 3, 19 என்று இரண்டு விடை வருகிறது. ஏறும் 6 நிமிடத்தை மட்டும் எடுத்தால் உண்டு. ஆனால் தாத்தாவின் ரயிலில் ஏறும் பகுதியை மட்டும் எடுத்தாலும் கிடையாது. நடு நிலையம் என்று சொன்னால் எந்த நிமிடம் என்று சொல்வது? அங்கே நின்ற நேரம் முழுவதுமே விடைதான்.

சுரேன் அண்ணன், இரவு 9:34
அத்தை, இவள் படிவம் 4தானா?

மாலதி அத்தை, இரவு 9:37
முழுவதும் சரி. 22 நிமிடத்தை விட்டு 6 நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டாயே, மதிப்பகத்தைக் கட்டுப்படுத்துவது என்பது அதுதான். உங்கள் புத்தகத்தில் டொமைன் என்று இருக்கும். நாளைக்கு ஆசிரியரிடம் இந்த மூன்று படத்தையும் காட்டு.

யாழினி, இரவு 9:38
நாளைக்குச் சனிக்கிழமை அத்தை. திங்கட்கிழமை காட்டுகிறேன். தாத்தா, உங்கள் படம் சரியாக இருக்கிறதா? நடு நிலையத்தில் 3 நிமிடம் போட்டிருக்கிறேன்.

தாத்தா, இரவு 9:44
அந்தப் படுத்த கோட்டை இன்னும் நீட்டு கண்ணு. கல்யாணம் ஆன புதிதில் போனபோது அங்கேதான் உன் பாட்டியின் செருப்பு அறுந்தது. ஊக்கு தேடிப் போட்டு முடிப்பதற்குள் மேல் வண்டி போய்விட்டது. அடுத்ததில்தான் ஏறினோம்.

யாழினி, இரவு 9:45
எத்தனை நிமிடம் தாத்தா?

தாத்தா, இரவு 9:47
இரு, உன் பாட்டியைக் கேட்டுச் சொல்கிறேன்.