அப்பத்தாவின் தண்டட்டியும் 15 வாட் பல்பும்

வீட்டிலேயே போர்ட்ரெயிட், அதாவது முகப்படம், எடுத்துப் பழகிய கதையை எல்லோரும் சொல்கிறீர்கள், என்னுடையதும் இருக்கட்டும். இடம் மதுரை செல்லூரில் எங்கள் வீட்டுக் கூடம். கையில் இருந்தது ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா, 50 எம்எம் லென்ஸ், 15 வாட் எல்இடி பல்பு ஒன்று, ஒயரோடு ஒரு ஹோல்டர், அவ்வளவுதான். எடுக்க நினைத்தது அப்பத்தாவை, அதுவும் காதில் தொங்கும் அந்தக் காலத்துத் தங்க நகையான தண்டட்டியோடு. எங்கள் வீட்டில் இன்னமும் தண்டட்டி போட்டிருப்பது உசிலம்பட்டியில் பிறந்த அவர் ஒருவர்தான், அதனால் இந்தப் படம் நன்றாக வந்தே ஆக வேண்டும் என்று எனக்கு.

முதல் நாள் பல்பை ஆறடி தள்ளி உயரத்தில் கட்டினேன். கண்குழி இரண்டும் கருத்துவிட்டது, முகச் சுருக்கமெல்லாம் பேனாவால் கீறிய மாதிரி. தண்டட்டியில் தங்கமே தெரியவில்லை, அங்கங்கே ஊசிமுனை அளவுக்கு வெள்ளைப் புள்ளி, மிச்சமெல்லாம் இருட்டு. லென்ஸ் சரியில்லையோ என்று இரண்டு நாள் அலைந்தேன். அப்புறம்தான் உறைத்தது, பளபளப்பான உலோகம் தனக்கு எதிரில் இருப்பதைத்தானே காட்டும், எதிரில் சின்ன பல்பு இருந்தால் சின்ன புள்ளிதான் விழும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் வெள்ளை வேட்டியைக் கொடியில் ஒற்றையாக விரித்துத் தொங்கவிட்டேன். பல்பு அதற்குப் பின்னால் ஒன்றரை அடியில், முகத்தைவிடக் கொஞ்சம் உயரத்தில், ஒரு பக்கமாக. துணியை ஒட்டி வைத்தால் நடுவில் மட்டும் வட்டமாக எரிகிறது, தள்ளி வைத்தால்தான் துணி முழுக்க வெளிச்சம் பரவுகிறது. அப்பத்தாவை வேட்டிக்குக் கிட்டத்திலேயே உட்காரவைத்தேன், ஏனென்றால் தூரம் கூடக் கூட வெளிச்சம் சீக்கிரமே குறைந்துவிடும். மறுபக்கக் கன்னத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு தெர்மோகோல் அட்டை. ட்யூப்லைட்டை அணைத்துவிட்டேன், இரண்டு விளக்கும் சேர்ந்தால் ஒரு கன்னம் பச்சை தட்டுகிறது.

ஷட்டர் வேகம் 1/200 நொடியில் இருந்தபோது ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும் வந்தது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விலை குறைந்த எல்இடி நொடிக்கு 100 தடவை மினுங்கும். 1/50க்கு இறக்கியதும் ஒவ்வொரு படத்திலும் மினுக்கல் முழுதாக அடங்கி, அது நின்றது. அந்த வேகத்தில் கை ஆடும், அதனால் கேமராவை ஸ்டூலில் வைத்து, அப்பத்தாவைச் சுவரில் சாயச் சொன்னேன். லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 1600. திறப்பை எஃப் 1.8க்குப் பெரிதாக்கி எடுத்தால் கண் தெளிவாக இருக்கும், தண்டட்டி கலங்கிவிடும், எனக்கு இரண்டும் வேண்டும்.

“எய்யா, வெரசா எடுய்யா, இடுப்பு வலிக்குது” என்று திரும்பினார் பாருங்கள், அந்த நொடியில் அமுக்கினேன். தண்டட்டியின் உருண்டையிலும் சதுரத்திலும் வேட்டியின் வெளிச்சம் பட்டையாக வழிந்து, ஓரத்தில் நசுங்கியிருந்த இடம்கூடத் தெரிந்தது. கண்ணில் சின்ன ஜன்னல் மாதிரி ஒரு வெள்ளை. சுருக்கம் எல்லாம் அப்படியேதான் இருந்தது, ஆனால் உறுத்தவில்லை.

கேமராவின் சின்னத் திரையில் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டே வைத்து ரொம்ப நேரம் பார்த்தவர், “எங்க ஆத்தா மாதிரியே இருக்கேன்யா” என்றார். அவருடைய ஆத்தாவுக்கு வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. 8க்கு 12 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு அவர் கட்டிலுக்கு எதிரிலேயே மாட்டியிருக்கிறேன். சித்திரைத் திருவிழாவுக்கு அவர் தங்கச்சி ஊரிலிருந்து வருகிறார், அவருக்கும் தண்டட்டி உண்டாம், வேட்டியைத் துவைத்துத் தயாராக வைத்திருக்கிறேன்.