விண்டோஸ் 7 கணினி தொடக்கத்திலேயே கடவுச்சொல் கேட்கிறது: போலி உதவி அழைப்புக்குப் பின் கோப்புகளை மீட்க முடியுமா?

இளவேனில்:
வணக்கம். என் பெரியப்பா விண்டோஸ் 7 உள்ள மேசைக் கணினி ஒன்றை இன்னமும் பயன்படுத்தி வருகிறார். அவரிடமுள்ள ஃபிலிம் ஸ்கேனரின் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. அதற்கான டிரைவர் புதிய விண்டோஸ் பதிப்புகளுக்கு வரவே இல்லை என்பதால்தான் கணினியை மாற்றாமல் வைத்திருக்கிறார்.

சென்ற வாரம் இணையத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தபோது, திரை முழுவதையும் மறைத்தபடி ஓர் எச்சரிக்கை தோன்றி, அபாய ஒலியுடன் ஒரு தொலைபேசி எண்ணைக் காட்டியிருக்கிறது. அந்த எண்ணில் பேசியவர், தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள் ஒன்றை நிறுவச் செய்து, கறுப்புத் திரையில் நீண்ட எண் ஒன்றை வரவழைத்து, "இது உங்கள் கணினியின் உரிம எண், எங்கள் பதிவேட்டிலும் இதேதான் இருக்கிறது" என்று ஒவ்வோர் எழுத்தாகப் படித்துக் காட்டியிருக்கிறார். எண் ஒத்துப்போனதால் பெரியப்பா நம்பிவிட்டார். கிஃப்ட் கார்டு வாங்கி அதன் எண்ணைச் சொல்லுமாறு கேட்டபோதுதான் ஐயம் வந்து மறுத்திருக்கிறார். உடனே கணினி அணைந்துவிட்டது.

இப்போது கணினியை இயக்கினால், பயனர் பெயர்கள் தோன்றுவதற்கு முன்பே ஒரு சிறு பெட்டி வந்து, கணினியைத் தொடங்கவே ஒரு கடவுச்சொல் வேண்டும் என்கிறது. சேஃப் மோடிலும் இதே நிலைதான். உள்ளே பல ஆண்டுகளாக ஸ்கேன் செய்த குடும்பப் படங்கள் இருக்கின்றன. வேறு எங்கும் பிரதி இல்லை. கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டனவா? அவர்களுக்குப் பணம் கொடுப்பதைத் தவிர வேறு வழி உண்டா?

கணியன்:
இது கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரேன்சம்வேர் போலத் தெரிகிறது. அப்படியானால் கோப்புகள் போனது போனதுதான். டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிட்டுப் புதிதாக நிறுவுங்கள்.

தாழிசை:
நண்பர் இளவேனில் அவர்களுக்கு, தயவுசெய்து எதையும் ஃபார்மட் செய்யாதீர்கள். நீங்கள் விவரிக்கும் பெட்டி, விண்டோஸுடனேயே வந்த சிஸ்கீ என்ற கருவியின் வேலை. கணினியின் பயனர் கடவுச்சொற்கள் பதிந்திருக்கும் தரவுத்தளத்துக்குக் கூடுதல் பூட்டுப் போடுவதற்காக விண்டோஸ் என்டி 4.0 காலத்தில் சேர்க்கப்பட்ட அது, பிற்காலத்தில் இத்தகைய மோசடிக்காரர்களுக்கே மிகுதியாகப் பயன்பட்டது. அதன் மறையாக்கம் பலவீனமானது, மோசடிகளில் பயன்படுத்தப்படுகிறது என்ற காரணங்களைச் சொல்லி, 2017இல் வந்த விண்டோஸ் 10இன் 1709ஆம் பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதை நீக்கிவிட்டது. விண்டோஸ் 7இல் அது அப்படியே இருக்கிறது.

உங்களுக்கு முக்கியமான செய்தி இதுதான்: சிஸ்கீ பூட்டுவது அந்தக் கடவுச்சொல் தரவுத்தளத்தை மட்டுமே. படங்களையோ ஆவணங்களையோ அது தொடுவதில்லை. பெரியப்பா தாமாகவே ஏதேனும் கோப்புறையை விண்டோஸின் வசதியால் மறையாக்கம் செய்திருந்தால் ஒழிய, டிஸ்க்கில் உள்ளவை எல்லாம் திறந்தேதான் கிடக்கின்றன.

ஆகவே முதலில் வேறொரு கணினியில் உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் பென் டிரைவில் ஏற்றி, அதைக் கொண்டு இந்தக் கணினியைத் தொடங்குங்கள். எதையும் நிறுவ வேண்டாம். நிறுவாமலே இயக்கிப் பார்க்கும் தேர்வே போதும். நெட்வொர்க் கேபிளை முன்னதாகவே கழற்றிவிடுங்கள். விண்டோஸ் டிஸ்க் அங்கே சாதாரணக் கோப்புறையாகத் திறக்கும். அதிலுள்ள படங்களை வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து, சிலவற்றைத் திறந்து பார்த்து உறுதி செய்த பிறகே அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.

பூட்டை நீக்கவும் வழி உண்டு. விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் கான்ஃபிக், அதற்குள் ரெக்பேக் என்ற கோப்புறை இருக்கும். விண்டோஸ் 7, கணினி ஓய்வாக இருக்கும் வேளையில், ஏறத்தாழ 10 நாளுக்கு ஒருமுறை தன் அமைப்புகள் எல்லாம் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியின் பிரதியை அதில் தானாகவே வைக்கும். சாம், சிஸ்டம், செக்யூரிட்டி, சாஃப்ட்வேர், டிஃபால்ட் என்ற ஐந்து கோப்புகளின் தேதியும் அளவும் என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள். தேதி அந்த அழைப்புக்கு முந்தையதாக இருக்க வேண்டும். அளவு பூஜ்ஜியமாக இருக்கக் கூடாது. கணினியைப் பழைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரெஸ்டோர் பற்றியும் யாராவது சொல்வார்கள். ஆனால் பூட்டுப் போடுகிறவர்கள் மீட்புப் புள்ளிகளையும் அழித்துவிட்டே போவது வழக்கம்.

அந்த உரிம எண் விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். கட்டளைத் திரையில் அசோக் (assoc) என்ற கட்டளையை இட்டால் நீண்ட பட்டியல் ஒன்று ஓடும். அதன் கடைசி வரிகளில் 888டிசிஏ60 என்று தொடங்கும் எண் ஒன்று நிற்கும். அது விண்டோஸின் ஓர் உள்கூறைக் குறிப்பது. எல்லா விண்டோஸ் கணினியிலும் அதே எண்தான். உங்கள் கணினியிலும் இட்டுப் பெரியப்பாவுக்குக் காட்டுங்கள். அவர் ஏமாந்தது அலட்சியத்தால் அல்ல, நன்கு ஒத்திகை பார்த்த நாடகத்தால் என்பது அவருக்கே புரியும்.

செங்காந்தள்:
தாழிசை சொன்னதை வழிமொழிகிறேன். கணினியைச் சரிசெய்வதைவிட அவசரமானது கணக்குகளைக் காப்பது. அந்த ஆள் உள்ளே இருந்த நேரத்தில் பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களைப் பார்த்திருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு சாதனத்திலிருந்து, முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மற்றக் கணக்குகளை மீட்கும் இணைப்புகள் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறச் செய்து, அஞ்சல்களை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் விதி ஏதேனும் புதிதாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு வங்கிக்கு நேரடியாகத் தெரிவியுங்கள்.

அதே ஆட்கள் சில வாரங்கள் கழித்து, பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி மீண்டும் அழைக்கக்கூடும். வங்கிப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, பிரவுசரில் பக்கத்தின் எழுத்துகளைத் திருத்தும் வசதியால் இருப்புத் தொகையைக் கூட்டிக்காட்டி, "தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டோம், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்பார்கள். மாறுவது திரையில் தெரியும் எண் மட்டும். பக்கத்தைப் புதுப்பித்தால் பழைய தொகையே வரும்.

வைரமணி:
எனக்குத் தெரிந்த நிபுணர் ஒருவர் இத்தகைய பூட்டுகளை உடனே திறந்து, இழந்த பணத்தையும் மீட்டுத் தருகிறார். தொடர்பு எண்: [நெறியாளரால் நீக்கப்பட்டது]

நெறியாளர்:
மேற்கண்ட கணக்கு முடக்கப்பட்டுள்ளது. ஏமாந்தவர்களைத் தேடி வந்து, மீட்டுத் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பது இதே மோசடியின் அடுத்த கட்டம். தனிச் செய்தியில் யாராவது அணுகினால் பதில் அளிக்காமல் எங்களுக்குத் தெரிவியுங்கள்.

இளவேனில்:
அனைவருக்கும் நன்றி. லினக்ஸ் மின்ட்டில் தொடங்கியதும் டிஸ்க் திறந்தது. படங்கள் முழுவதையும் பிரதி எடுத்துவிட்டேன். மின்னஞ்சல், வங்கி இரண்டையும் கவனித்தாயிற்று. ரெக்பேக்கில் ஐந்து கோப்புகளும் இருக்கின்றன. தேதி அழைப்புக்கு முந்தையது, எதுவும் பூஜ்ஜியம் இல்லை.

தாழிசை:
நல்ல செய்தி. லினக்ஸில் இருந்தபடியே, கான்ஃபிக் கோப்புறையில் இப்போதுள்ள அதே ஐந்து கோப்புகளை அழிக்காமல் வேறொரு கோப்புறைக்கு நகர்த்திவிட்டு, ரெக்பேக்கில் உள்ளவற்றை அவற்றின் இடத்தில் பிரதியிடுங்கள். ஐந்தையும் ஒருசேர மாற்ற வேண்டும். பாதி பழையதும் பாதி புதியதுமாக இருந்தால் விண்டோஸ் எழாமலே போகலாம்.

இளவேனில்:
பெட்டி வரவில்லை, பழைய கடவுச்சொல்லிலேயே உள்ளே போக முடிந்தது. அந்தத் தொலைநிலை மென்பொருளை நீக்கிவிட்டு, ஸ்கேனருக்காக இதையே தொடரலாமா?

தாழிசை:
இணையத்துடன் இணைத்துத் தொடர வேண்டாம். கண்ணுக்குத் தெரிகிற மென்பொருளை நீக்கலாம். தெரியாமல் எதை விட்டுப் போனார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால் ஸ்கேனர் டிரைவரின் கோப்பையும் பிரதி எடுத்துக்கொண்டு, கணினியைச் சுத்தமாக மறுநிறுவல் செய்வதே முறை.

அடுத்தது, விண்டோஸ் 7இன் பொது ஆதரவு 2020 ஜனவரி 14இலேயே முடிந்துவிட்டது. குரோம் பிரவுசரும் 109ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டது. வானாக்ரை என்ற ரேன்சம்வேர் பரவிய 2017 மே 12ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் அதே ஆண்டு மார்ச் 14இலேயே வெளியாகியிருந்தது. அதை நிறுவாதிருந்த கணினிகள்தான் சிக்கின, அவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7; பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் வரை முடங்கின. திருத்தம் கையில் இருந்த காலத்தின் கதை அது. இன்று அந்தக் கணினிக்கு வழக்கமான திருத்தங்கள் வருவதே இல்லை. வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒன்றைப் போட்டுக்கொண்டால் போதும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இரண்டு வழிகள் இருக்கின்றன. விண்டோஸ் 7ஐ மறுநிறுவல் செய்து, வைஃபையையும் கேபிளையும் அறவே நீக்கி, ஸ்கேன் செய்வதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அல்லது லினக்ஸில் ஸ்கேனர்களை இயக்கும் சேன் என்ற இலவசத் தொகுப்பின் பட்டியலில் உங்கள் மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வியூஸ்கேன் என்ற கட்டண மென்பொருள் இருக்கிறது. தயாரிப்பாளரே கைவிட்ட பல ஸ்கேனர்களை அது புதிய இயங்குதளங்களிலும் இயக்குகிறது. வாங்குவதற்கு முன் சோதனைப் பதிப்பில் முயன்று பாருங்கள்.

செங்காந்தள்:
பெரியப்பாவின் மேசையருகே ஒட்டிவைக்க ஒரு குறிப்பு: மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருக்கவே இருக்காது. திரை முழுவதும் மறைந்து மூட முடியாமல் போனால், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளை ஒன்றாக அழுத்தி, வரும் பட்டியலிலிருந்து பிரவுசரை முடித்துவிடலாம். மீண்டும் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கட்டுமா என்று கேட்டால் மறுத்துவிட வேண்டும். இல்லையெனில் அதே பக்கம் திரும்ப வரும்.

இளவேனில்:
சேன் பட்டியலில் எங்கள் மாதிரி இருக்கிறது. லினக்ஸ் மின்ட்டில் நிறுவிப் பார்த்தோம். ஸ்கேன் ஆகிறது, நிறமும் சரியாகவே வருகிறது. அகச்சிவப்பு ஒளியால் தூசியையும் கீறலையும் நீக்கும் வசதி மட்டும் இதில் வேலை செய்யவில்லை. ஆகவே மிகவும் கீறல் விழுந்த ஃபிலிம்களுக்கென்று வேறொரு டிஸ்க்கில் விண்டோஸ் 7ஐப் புதிதாக நிறுவி, வைஃபை அட்டையைக் கழற்றி வைத்துவிட்டோம். இழையை மூடிக்கொள்ளலாம்.